புட்டிக்குள் முளைத்த பெரணி

பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருக என்று நம் மன்றத்தார் கேட்டபோது, என் தோழர்களிற் பலர் புலவர்களையும் நாட்டுத் தலைவர்களையும் தேர்ந்துகொண்டார்கள். நான் ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொண்டேன். அவர் மருத்துவத்தால் புகழ் பெற்றவர் அல்லர். ஊறுகாய் போட்டு வைக்கத் தக்க ஒரு கண்ணாடிப் புட்டியால் புகழ் பெற்றவர். நத்தானியல் பாக்ஷா வார்டு என்பது அவர் பெயர். பயிர்நூல் கற்போரும் தோட்டக்கலை வல்லோரும் அவர் பெயரை நன்கு அறிவர். ஏனையோர் அப்பெயரை அறியாவிட்டாலும், அவர் செய்த வேலையின் பயனை நாள்தோறும் நுகர்கின்றனர். காலையில் தேநீர் குடிப்பவரும், மிதிவண்டியில் வகுப்புக்கு வருபவரும் அவருக்குச் சிறிது கடன்பட்டவர்களே. எப்படி என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

அவரை நான் அறிந்துகொண்டது ஒரு பாசி படிந்த சுவரால். என் வீடு அந்தமானில் டெலானிபூரில் உள்ளது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் நகரின் ஒரு பகுதி அது. கடற்படையாரின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தைக் காண வந்தவர்கள் அவ்விடத்தை அறிவார்கள். எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு பழைய மதில் உண்டு. மே மாதத்தில் மழை தொடங்கினால் திசம்பர் வரை அம்மதில் காய்வதில்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில், மதிலின் வெடிப்பிலிருந்து ஒரு சிறு பெரணி தலைகாட்டியது. காட்டு நிழலில் ஈர மண்சரிவுகளில் காணும் செடி அது. யாரும் அதைக் கொண்டுவந்து நடவில்லை. பெரணி என்பதையே இலங்கைப் பாடநூல்கள் பன்னம் என்று கூறும். பூவும் காயும் விதையும் இல்லாத செடி. இலையின் அடிப்புறத்தில் தூள்போல் இருக்கும் வித்துகள் காற்றில் பறந்து எங்கோ விழுந்து முளைக்கும்.

அந்தப் பெரணி சாண் நீளந்தான் இருக்கும். காம்பு கருநிறமாய், எண்ணெய் தடவிய மயிரிழைபோல் பளபளக்கும். அதில் பிறைவடிவச் சிற்றிலைகள் இருபுறமும் அடுக்காய் நிற்கும். அதன் தனிச்சிறப்பு யாதெனில், இலையின் நுனி நீண்டு வளைந்து மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் வேர் விட்டுப் புதுச் செடியாகும். அப்புதுச் செடியின் இலையும் அவ்வாறே செய்யும். இவ்வாறு அது மதிலில் மெல்ல நடந்து செல்வதை நான் நாள்தோறும் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் ஒன்று ஐந்தாயிற்று.

பின்பு சனவரி வந்தது. சனவரி முதல் ஏப்பிரல் வரை எங்கள் ஊரில் மழை அரிது. நகருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையில் நீர் இறங்கும். குழாயில் நீர் எப்போது வரும் என்று காத்திருக்கவேண்டும். அம்மா குடங்களையும் தொட்டியையும் நிரப்பி, மூடி வைத்து, அளந்து செலவு செய்வார்கள். அந்த நீரில் ஒரு செம்பு எடுத்து நான் மதிலுக்கு ஊற்றினேன். அம்மா அதைக் கண்டுவிட்டார்கள். சுவரில் முளைத்த களைக்கு ஊற்றவா நான் நடு இரவில் எழுந்து நீர் பிடித்தேன் என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பெப்ரவரி முடிவதற்குள் ஐந்து பெரணிகளும் பழுப்பாகிச் சுருண்டன.

அடுத்த ஆண்டும் இவ்வாறே நிகழுமோ என்று அஞ்சிய எனக்கு, எங்கள் உயிரியல் ஆசிரியர் வார்டு என்னும் மருத்துவரைப் பற்றிக் கூறினார். நூலகத்தில் தேடிப் படித்தேன். இனி அவர் வரலாற்றைக் காண்போம்.

வார்டு 1791ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தார். தந்தையாரும் மருத்துவர். வீடு இருந்த இடம் இலண்டனின் கீழ்ப்பகுதியில் உள்ள வெல்க்ளோஸ் சதுக்கம். கப்பல் துறைகளுக்கு அணித்தான இடம். பதின்மூன்று வயதில் அவரைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவான ஜமெய்க்காவுக்கு அனுப்பினார்கள். கடல் வாழ்க்கையில் அச்சிறுவருக்கு மனம் பற்றவில்லை. ஆனால் அத்தீவின் மலைகளில் கண்ட பனைகளும் பெரணிகளும் அவர் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டன. திரும்பி வந்ததும் தந்தையிடமே தொழில் பயின்றார். இலண்டன் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். செல்சியில் உள்ள மூலிகைத் தோட்டத்தில் பயிர்நூல் கற்றார். 1814இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார். 1817இல் லின்னேயன் சங்கத்தில் சேர்ந்தார். பின்னர்த் தந்தையின் இடத்தில் அமர்ந்து அதே சதுக்கத்தில் நோயாளிகளைப் பார்க்கலானார்.

மருத்துவத் தொழில் வயிற்றுக்கு, செடிகள் உயிருக்கு. அவர் வாழ்க்கை இப்படித்தான் பிரிந்திருந்தது. உலர்த்திய செடிகளை ஏட்டில் ஒட்டிச் சேர்த்து வைத்தார். அத்தொகுப்பு நாளடைவில் 25,000 அளவுக்குப் பெருகியது. ஆனால் உலர்ந்த செடி உயிருள்ள செடியாகுமா? தம் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறு பாறைத் தோட்டம் அமைத்து, அதன்மேல் குழாயிலிருந்து நீர் கசியவிட்டு, ஆங்கில நாட்டுக் காடுகளில் இயல்பாய் வளரும் பெரணிகளையும் பாசிகளையும் நட்டார். எல்லாம் மடிந்தன. மறுபடியும் நட்டார். மறுபடியும் மடிந்தன. அக்காலத்தில் இலண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்தது. வெல்க்ளோஸ் சதுக்கத்தைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். கரி தூளாய் வந்து இலைகளில் படிந்து அவற்றைக் கொன்றது. எனக்கு நீர் பகை. அவருக்குக் காற்றே பகை. வீட்டுப் பின்கட்டில் ஒரு காட்டுச் செடியை வளர்க்க முடியாமல் தோற்ற மனிதர் அவர். இந்தத் தோல்விதான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது.

1829ஆம் ஆண்டில் அவர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். ஒருவகைப் பெரிய அந்துப்பூச்சி கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவதைக் காண விரும்பினார். அகன்ற வாயுள்ள ஒரு புட்டியில் ஈர மண்ணிட்டு, அதில் அதன் கூட்டைப் புதைத்து, மூடியிட்டு வைத்தார். நாள்தோறும் பார்த்துவந்தார். பகலின் வெம்மையில் மண்ணிலிருந்து நீராவி எழுந்து கண்ணாடியில் துளிகளாய்ப் படிந்தது. அத்துளிகள் வழிந்து மண்ணுக்கே திரும்பின. மண் ஒரே ஈரமாய் இருந்தது. பூச்சி வெளிவருவதற்கு ஒரு கிழமைக்கு முன், அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். மண்ணின் மேல் ஒரு பெரணிக் குருத்தும் ஒரு புல்லும் முளைத்திருந்தன.

வேறொருவராய் இருந்தால் பூச்சி வந்ததும் புட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். வார்டு கவிழ்க்கவில்லை. எத்தனையோ ஆண்டுகளாய்த் தாம் நட்டுத் தோற்ற அதே பெரணி இனம், யாரும் நடாமல் புட்டிக்குள் முளைத்துவிட்டது ஏன் என்று எண்ணினார். அது வேண்டியது என்ன? ஈரமான காற்று, ஒளி, வெப்பம், புகையின்மை. நான்கும் புட்டிக்குள் இருந்தன. வெளியே முதலில் ஒன்று இல்லை. கடைசி ஒன்று அறவே இல்லை. அவ்வளவுதான். புட்டியைத் தம் படிப்பறையின் வடக்கு நோக்கிய சாளரத்துக்கு வெளியே வைத்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அப்பெரணியும் புல்லும் உள்ளேயே வாழ்ந்தன. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு துளி நீரும் ஊற்றவில்லை. மூடியைத் திறக்கவும் இல்லை. புல் ஒருமுறை பூக்கவும் செய்தது. முடிவில், அவர் ஊரில் இல்லாத வேளையில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்து, அவை அழுகிப் போயின.

இங்கே சிறிது விளக்கம் வேண்டும். வித்துத் தூள் நேரே பெரணியாய் முளைப்பதில்லை. முதலில் நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு தோன்றும். அதில் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகும். ஆண் அணு நீந்திச் சென்றுதான் பெண் அணுவை அடையவேண்டும். மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் அக்கூட்டம் நிகழாது, பெரணியும் பிறவாது. இவ்வுண்மையை முழுமையாய் விளக்கியவர் செருமானிய அறிஞர் ஆப்மைஸ்டர். அவர் நூல் வந்தது 1851இல். வார்டின் புட்டி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. காரணம் முற்றும் அறியாமலே அவர் பெரணிக்கு ஏற்ற தொட்டிலை அமைத்துவிட்டார். புட்டி முற்றிலும் காற்றுப் புகாதது என்று சிலர் எண்ணுவர். அது பிழை. மூடியின் இடுக்கில் காற்று மெல்லப் போய்வரும். நீராவி மட்டும் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும்.

புட்டி பேழையாயிற்று. மரச்சட்டமும் கண்ணாடிப் பலகைகளும் கொண்டு பெட்டிகளைச் செய்வித்தார். ஹாக்னியில் பெரிய செடிப்பண்ணை நடத்திய ஜார்ஜ் லாடிஜஸ் அவருக்கு வேண்டிய செடிகளைத் தந்து துணை நின்றார். சிறியதொரு கண்ணாடி வீட்டைக் கட்டி, டின்டர்ன் மடாலயத்தின் பாழடைந்த சாளரம்போல் ஓர் உருவை உள்ளே அமைத்து, அதைச் சுற்றிப் பெரணிகளை வளர்த்தார். கில்லார்னிப் பெரணி என்பது அயர்லாந்து அருவிகளின் சாரலில் வாழ்வது; இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மென்மையுடையது; வளர்ப்பதற்கு மிக அரியது. அதுவும் வெல்க்ளோஸ் சதுக்கத்தின் புகை நடுவே அவர் கண்ணாடிக்குள் தழைத்தது.

அவரைப் பெரியவராக்கியது அடுத்த எண்ணம். இலண்டன் புகையிலிருந்து செடியைக் காக்கும் பெட்டி, கடலின் உப்புக் காற்றிலிருந்தும் காக்காதா? அக்காலத்தில் ஒரு நாட்டுச் செடியைக் கப்பலில் வேறொரு நாட்டுக்கு உயிருடன் கொண்டுசெல்வது பெரும்பாடு. குடிக்கவே நீர் அளந்து தரப்படும் கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவார்? மாதக்கணக்கில் உப்புத் திவலை. லாடிஜஸ் கூறிய கணக்குப்படி, முன்பு இருபது செடிகள் அனுப்பினால் பத்தொன்பது மடியும்.

1833ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெரணியும் பாசியும் புல்லும் நட்ட இரண்டு பேழைகளை மல்லார்டு என்னும் கப்பல் தலைவரிடம் ஒப்படைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை உயிருடன் போய்ச் சேர்ந்தன. புற்கள் பெட்டியின் மேல்மூடியை முட்டித் தள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று மல்லார்டு எழுதினார். 1834 பெப்ரவரியில் சிட்னியில் அதே பேழைகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இப்பயணம் இன்னும் கடியது. தென்னமெரிக்காவின் கோடி முனையில் கப்பல் தளத்தில் பனி உறைந்து கிடந்தது. பின்பு நடுக்கோட்டின் கொடும் வெயில். எட்டுத் திங்களுக்கு மேல் கழித்துக் கப்பல் இலண்டன் சேர்ந்தபோது, வார்டும் லாடிஜஸும் மேலேறிப் பார்த்தார்கள். அதுவரை எவராலும் உயிருடன் கொண்டுவர முடியாத ஓர் ஆஸ்திரேலியப் பெரணி, பேழைக்குள் பச்சைப் பசேலென்று நின்றது. பேழை வந்த பிறகு லாடிஜஸின் கணக்குத் தலைகீழாயிற்று. இருபதில் பத்தொன்பது பிழைத்தன.

மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் 1838இல் இப்பேழையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1842இல் வார்டு ஒரு சிறு நூல் எழுதினார். 1852இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில், பதினெட்டு ஆண்டுகளாய் நீரூற்றாத ஒரு புட்டிச் செடியை அவர் காட்சிக்கு வைத்தார். 1852இல் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. தென்னாப்பிரிக்க நீரோடைகளில் வாழும் ஒரு பாசி இனத்துக்கு வார்டியா என்று அவர் பெயரை இட்டார்கள். ஸ்காத்லாந்தில் மக்கோனக்கி என்பவர் இதே வழியைத் தனியே முன்னரே கண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அவர் அதை வெளியிடவில்லை. உலகுக்குச் சொன்னவர் வார்டே.

அவருடைய விருப்பம் வேறொன்று. ஒளியும் காற்றும் இல்லாத இலண்டன் சந்துகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை அவர் நாள்தோறும் பார்த்தவர். ஒவ்வொரு ஏழை வீட்டுச் சாளரத்திலும் ஒரு பேழை இருக்கவேண்டும். அதில் ஒரு பசிய இலை இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பெரணிக்கு விலை இல்லை. காட்டில் கிடக்கிறது என்று எண்ணினார். ஆனால் கண்ணாடிக்கு விலை இருந்தது. 1845 வரை அந்நாட்டில் கண்ணாடிக்குத் தீர்வை. 1851 வரை வீட்டுச் சாளரங்களுக்கும் வரி. ஏழை வீட்டுக்குப் போகவேண்டிய பேழை செல்வர் வீட்டுக் கூடங்களுக்குப் போயிற்று. பெரணிப் பித்து நாடெங்கும் பரவியது. விடுமுறை நாள்களில் கூடையும் கரண்டியும் எடுத்துக்கொண்டு காடுகளுக்குப் புறப்பட்டார்கள். பெரணிகளை வேரோடு பெயர்த்தார்கள். வணிகர்கள் வண்டி வண்டியாய் ஏற்றி நகரங்களில் விற்றார்கள். வார்டு அன்போடு வளர்த்த கில்லார்னிப் பெரணி பல இடங்களில் பூண்டற்றுப் போகும் நிலையை அடைந்தது. செடியைக் காக்கப் பிறந்த பெட்டி செடியை அழிக்கவும் துணை போயிற்று. இதை அவர் மீது குற்றமாய்ச் சாற்ற என் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறைப்பதும் முறையன்று.

நம் நாட்டில் இத்தகைய பித்து மிகுதியாய்ப் பரவவில்லை. நம் பெரணிகளை ஆராய்ந்தவர்கள் காட்டிலேயே அலைந்தவர்கள். சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவின் தலைவராய் இருந்த பெத்தோம், 1863இல் தொடங்கித் தென்னிந்தியப் பெரணிகளை 271 படங்களுடன் நூலாக்கினார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் அவர் கால்படாத சோலை குறைவு. அந்தமான் காடுகளுக்குக் கல்கத்தாப் பயிர்த் தோட்டத்திலிருந்து குர்ஸ் என்னும் செருமானியர் 1866இல் வந்து செடிகளைத் தொகுத்தார். இவர்கள் வரலாறும் எழுதத் தக்கதே. இன்னொரு சமயம் எழுதுவேன்.

வார்டு முதுமையில் புகைநகரை விட்டுக் கிளாப்பம் பகுதிக்குக் குடியேறினார். அங்கே பெரிய தோட்டம் வைத்தார். மருந்தாளர் சங்கத்தின் தலைவராய் 1854இல் பணிபுரிந்தார். தாம் இளமையில் பயின்ற செல்சித் தோட்டம் அழியாமல் இருக்கப் பாடுபட்டார். பேழையால் பலர் பொருள் ஈட்டினார்கள்; அவர் ஈட்டவில்லை. 1868ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் காலமானார். நார்வுட் இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள்.

இனி அவர் பேழையின் வரலாறு. அவர் வாழ்ந்த நாளிலேயே அது அரசாங்கக் கருவியாகிவிட்டது. 1848 முதல் 1851 வரை ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீன நாட்டிலிருந்து தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் இப்பேழைகளில் மறைவாய்க் கொணர்ந்து இமயமலை அடிவாரத்தில் சேர்த்தார். காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரம் தென்னமெரிக்க மலைகளில் மட்டும் வளர்ந்தது. 1860இல் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிலிருந்து பேழைகளில் கொண்டுவந்த கன்றுகள், செங்கடல் வெப்பத்தில் வாடி, உதகமண்டலம் வந்தும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டில் ஸ்புரூஸ் என்பவர் குவாயகில் துறைமுகத்திலிருந்து அனுப்பிய செம்பட்டைச் சிங்கோனா பிழைத்தது. உதகைத் தோட்டத்தை அமைத்த மக்கைவர் அதைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. அங்கே விளைந்த பட்டை எத்தனையோ பேரைக் காய்ச்சலிலிருந்து காத்தது.

1876ஆம் ஆண்டு. வார்டு மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. விக்கம் என்பவர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கியூத் தோட்டத்தில் விதைத்ததில் 2,700 அளவே முளைத்தன. அவற்றில் 1,919 கன்றுகளை 38 பேழைகளில் வைத்து அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலானவை உயிருடன் வந்து சேர்ந்தன. கொழும்புக்கு அருகில் எனரத்கொடை என்னும் ஊரில் அவற்றை நட்டார்கள். இலங்கையிலும் மலாயாவிலும் மலைபோல் எழுந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு அக்கன்றுகளே தாய்.

தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. ஆள் எங்கிருந்து போனார்கள் என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? காப்பித் தோட்டக் காலத்திலேயே, வார்டின் பேழைக்குத் தொடர்பின்றி, நம்மவர் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒரு புட்டியின் தலையில் கட்டுவது சரியாகாது. ஆனாலும் ரப்பர்த் தோட்டங்களில் லயங்களில் அடைந்து வாழ்ந்த தமிழர்களின் வரலாறு, அந்த 38 பேழைகளோடு பிணைந்தது என்பதை மறுக்க இயலாது.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாத்தா இலங்கையில் ரப்பர்ப் பால் வெட்டியவர். அவருடைய தாத்தா திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து போனவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியர் என்று எழுதப்பட்டு, தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். இறங்கிய நாட்டில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அறிந்த தொழில் ஒன்றே. நிக்கோபாரில் கச்சால் தீவில் அரசாங்கம் ரப்பர் வளர்த்து, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியேற்றியது. தாத்தா மீண்டும் கப்பலேறினார். கச்சாலிலும் அதே மரம், அதே கத்தி, அதே விடியற்காலை. என் தந்தையார் அங்கே பிறந்தார். பின்பு வேலை நிமித்தம் டெலானிபூருக்கு வந்தார். இப்போது தாத்தாவும் எங்களோடு இருக்கிறார்.

தோழர்களே, பெரணியை விட்டுவிட்டேன் என்று எண்ணவேண்டா. அடுத்த மழையில் மதிலில் அது மீண்டும் தளிர்த்தது. அதன் கிழங்கு வெடிப்புக்குள் உறங்கிக் கிடந்திருக்கிறது; சாகவில்லை. நுனி வேர் விட்ட ஒரு சிறு கன்றை மட்டும் எடுத்தேன். அம்மா தூக்கி எறிய வைத்திருந்த ஊறுகாய்ச் சாடியைக் கேட்டு வாங்கி நன்கு கழுவினேன். அடியில் ஓட்டுச் சில்லு. அதன்மேல் அடுப்புக்கரித் துண்டு. அதன்மேல் சலித்த இலைமட்கும் சிறிது மணலும். கன்றை நட்டு, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி மூடினேன். முதல் முயற்சி கெட்டது. ஒளி வேண்டும் என்றெண்ணி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டேன். நண்பகலுக்குள் கீரை வேகவைத்ததுபோல் ஆகிவிட்டது. கண்ணாடிக்குள் வெயில் நேரே விழலாகாது. வார்டு வடக்குச் சாளரத்தில் வைத்ததை நான் படித்திருந்தும் கருதவில்லை.

இரண்டாம் கன்றை வடபுறச் சாளரத்தின் திட்டில் வைத்தேன். கண்ணாடியில் காலையில் சிறிது பனி படிந்து நண்பகலில் தெளிந்தால் ஈரம் அளவாய் உள்ளது என்று பொருள். எந்நேரமும் துளி வழிந்தால் ஈரம் மிகுதி. மூடியைச் சிறிது நேரம் திறந்து வைக்கவேண்டும். வெண்பூஞ்சை கண்ட இலையை உடனே கிள்ளிவிடவேண்டும். இவ்வளவுதான் வேலை. அந்தச் சனவரியும் பெப்ரவரியும் மார்ச்சும் ஏப்பிரலும் கடந்தன. அம்மாவின் குடத்திலிருந்து ஒரு துளியும் நான் எடுக்கவில்லை. மதிலில் பெரணி பழுத்தபோது புட்டிக்குள் பெரணி புது இலை விட்டது. அதைக் கண்ட அம்மா, இன்னொரு சாடி வேண்டுமா என்று தாமே கேட்டார்கள்.

இவ்வகைச் செடி வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல். காட்டிலிருந்து பெயர்த்து வராதீர்கள். எங்கள் தீவுகளில் காடுகள் காப்புக்குட்பட்டவை; அங்குள்ள சில பெரணிகள் மிக அரியவை. வீட்டு மதிலிலும் கிணற்றுச் சுவரிலும் வாய்க்கால் கரையிலும் தாமே முளைத்தவை நமக்குப் போதும். அல்லது பழுத்த வித்துள்ள ஓர் இலையைத் தாளில் உதிர்த்து, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி மூடிவைத்தால் சில கிழமைகளில் பச்சைத் தகடுகள் தோன்றும். பொறுமை வேண்டும். நான் தூவியதில் கண்ணுக்குத் தெரியும் பெரணியாக எட்டுத் திங்கள் ஆயிற்று.

வார்டின் பேழைகள் செடியோடு மண்ணையும், மண்ணோடு பூச்சியையும் நோயையும் நாடுவிட்டு நாடு கடத்தின என்று பின்னாளில் அறிந்தார்கள். மண்ணோடு செடி அனுப்புவதற்குத் தடைகள் பிறந்தன. நெகிழித் தாளும் வானூர்தியும் வந்தன. 1962ஆம் ஆண்டு வரை சில பேழைகள் கடலில் சென்றன. பின்னர் அவை அருங்காட்சியகத்துப் பொருளாயின.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். சாளரத் திட்டில் இப்போது நான்கு சாடிகள் உள்ளன, அம்மாவின் பொறுப்பில். தாத்தா அவற்றின் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு 1,919 கன்றுகளின் கதையைச் சொன்னேன். ரப்பர் மரம் இலங்கைக்கு இப்படிப்பட்ட பெட்டிக்குள் வந்தது என்றேன். பிறந்தது முதல் அந்த மரத்தோடு வாழ்ந்த அவர், அது அங்கேயே தோன்றிய மரம் என்றே எண்ணியிருந்தாராம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, அதுவும் நம்மைப்போல் கப்பலில் வந்ததுதானா என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரு சாடியைக் கையில் எடுத்து, ஒளிக்கு நேரே பிடித்து, கண்ணாடியில் வழிந்த நீர்த்துளியைப் பார்த்தார். வழியில் அந்தக் கன்றுகளுக்கு நீர் ஊற்றினார்களா என்று கேட்டார். தேவைப்படவில்லை என்று அவருக்குப் பேழையின் முறையை விளக்கினேன். கேட்டுவிட்டு, சாடியை இருந்த இடத்திலேயே வைத்து, அதன் மூடியைச் சரிசெய்தார்.